தாழையா, சேறா? மண்டபம் முதல் ஆற்றங்கரை வரை கடலடி வரைபடம் போட்ட கதை

முதல் வரைபடம் திரையில் வந்து விழுந்த அன்றைக்கு சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்டபம் வடகரையில் முனைக்காட்டிலிருந்து அரியமான் வழியாக ஆற்றங்கரை வரை, பாக் விரிகுடா ஓரம் முழுக்கப் பச்சைப்பசேல் என்று கடற்புல். கரையிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தள்ளியும் விடாமல் பச்சை. போனில் ஏற்றிக்கொண்டு நேராக மாமா வீட்டுக்குப் போனேன். 40 வருடமாக அந்தத் தண்ணீரில் வத்தை என்கிற சின்ன நாட்டுப்படகு ஓட்டுகிறவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார், அப்புறம் சிரித்துவிட்டார்.

"அங்க எங்க மாப்ள தாழை? அது பூராம் சேறு. நங்கூரம் போட்டா முழங்கை கனத்துக்கு அப்பிக்கிட்டு வரும்."

தாழை என்று இங்கே சொல்வது கடற்புல்லைத்தான், வேலி ஓரத்துத் தாழம்பூ அல்ல. பாறைத் தரைக்குப் பெயர் பார். இந்த இரண்டு சொல்லையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை வரும்.

நான் செய்திருந்தது இவ்வளவுதான். சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் ஒன்றை இலவசமாக இறக்கினேன். கரையோரம் எனக்குத் தெரிந்த தாழை இடங்களில் பத்துப் பன்னிரண்டு கட்டம் வரைந்தேன், மணலுக்கு அதேபோல் கொஞ்சம். மிச்சத்தை நிரலிடம் விட்டுவிட்டேன். தாழை மேலிருந்து பார்க்கக் கறுப்பாகத் தெரியும், மணல் வெளுப்பாகத் தெரியும், எனவே "கறுப்பு என்றால் தாழை" என்று அது கற்றுக்கொண்டது. ஆழம் கூடினாலும் தண்ணீர் கறுக்கும், சேறும் கறுப்புதான் என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்.

அதற்குப் பிறகு இரண்டு பருவம் இந்த வேலையோடு மல்லுக்கட்டினேன். யாராவது இதே கரையில் இறங்கினால் நான் விழுந்த குழிகளில் விழாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் நாள் பார்ப்பது. கல்யாணத்துக்குப் பார்ப்பதைவிட இதற்குக் கவனமாகப் பார்க்க வேண்டும். மண்டபத்தில் நின்றால் வடக்கே பாக் விரிகுடா, பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். ஒன்று அடங்கியிருக்கும்போது இன்னொன்று ஆடும். வாடைக்காற்று அடிக்கிற ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெண் கடல் கலங்கிப்போகும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் வடகரை குளம் மாதிரி கிடக்கும், தெற்கே அலை புரளும். ஒரே நாள் படத்தில் இரண்டு பக்கமும் தெளிவாகக் கிடைப்பது அபூர்வம்.

சென்டினல்-2 இரண்டு கோள்களாகச் சுற்றுவதால் 5 நாளுக்கு ஒருமுறை படம் வரும். வருடத்துக்கு எழுபது சொச்சம் படம் இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். மேகம் உள்ளதைத் தள்ளினால் பாதி போச்சு. கலங்கலைத் தள்ளினால் இன்னும் போச்சு. கலங்கலுக்கு முதலில் நான் விசைப்படகுகளைத்தான் சந்தேகப்பட்டேன். இந்தப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை இருக்கிறதல்லவா, அதனால் படம் எடுத்த கிழமையை எல்லாம் குறித்து ஒரு பட்டியல் போட்டேன். பொங்கலுக்குப் படகு எதுவும் போகாத நாளில் எடுத்த படமும் டீத்தண்ணி மாதிரிதான் இருந்தது. பிப்ரவரிக் கடைசியில் படகு போன நாள் படம் பளிங்கு. கரையோர ஆழமில்லாத தண்ணீரைப் பொறுத்தவரை கலக்குவது பெரும்பாலும் காற்றுதான். படத்துக்கு முந்தைய இரண்டு மூன்று நாள் வாடை அடித்ததா என்று பார்த்தாலே போதும். ஆற்றங்கரைப் பக்கம் மட்டும் வைகை முகத்துவாரம் இருப்பதால் மழைக்குப் பின் ஆற்றுத் தண்ணீர் விரித்துவிடும் கலங்கலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, ஏப்ரல், மே மாதத்தில் எடுத்துக்கொள்ளலாமே, வடகரை அமைதியாக இருக்குமே என்று போனால் அங்கே வேறு வில்லங்கம். நம் ஊர் 9 பாகை வடக்கில் இருப்பதால் ஏப்ரல் நடுவில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடும். கோள் கடப்பது காலை பத்தரை மணி வாக்கில். அந்த வெயில் நீர்ப்பரப்பில் பட்டுக் கோளின் கண்ணிலேயே அடிக்கும். படம் முழுக்க வெள்ளித்தகடு மாதிரிப் பளபளப்பு, அதற்குக் கீழே தரையாவது ஒன்றாவது. வாடை அடங்கியிருக்க வேண்டும், பளபளப்பு முற்றாமலும் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மாசிதான் தேறுகிறது, பங்குனி முதல் வாரம் வரை இழுக்கலாம். இரண்டு வருடத்தில் எனக்குத் தேறியது மொத்தம் நான்கே படம்.

பளபளப்பை எடுக்க ஒரு வழி உண்டு. அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் அப்படியே விழுங்கிவிடும். எனவே தரை தெரியாத இடத்தில் அந்த ஒளிப் பட்டையில் ஏதாவது வெளிச்சம் இருந்தால் அது பரப்பிலிருந்து தெறித்தது என்று கொள்ளலாம். தரை தெரியாத ஒரு பகுதியை வளைத்து, நீலம், பச்சை, சிவப்பு ஒவ்வொன்றும் அகச்சிவப்போடு எந்தச் சரிவில் ஏறுகிறது என்று கணக்கிட்டு, அந்த அளவுக்குக் கழித்துவிட வேண்டும். 2005-இல் ஹெட்லி குழுவினர் எளிமையாக்கிக் கொடுத்த முறை. மன்னார் வளைகுடாவில் கொஞ்சம் வெளியே போனால் இதற்குத் தோதான ஆழ நீர் கிடைக்கும். பாக் விரிகுடாவில் ஆழம் எங்கே இருக்கிறது? கலங்கல் இல்லாத, தரையும் தெரியாத ஒரு துண்டைத் தேடவே ஒரு சாயங்காலம் போயிற்று. தண்ணீரில் சேறு மிதந்தால் அகச்சிவப்பு அதனாலேயே கூடும், அதைப் பளபளப்பு என்று நினைத்துக் கழித்தால் கலங்கல் நீர் கன்னங்கரேல் என்று ஆகும், கறுப்பு என்றால் மறுபடி தாழை.

இந்தக் கழித்தலில் இன்னொரு வேடிக்கை நடந்தது. முனைக்காட்டுக்கு எதிரே கரையை ஒட்டி வரிசை வரிசையாக அடர்ந்த தாழை என்று வந்தது. வயல் வரப்பு மாதிரி நேர்கோடு. இயற்கை எங்கே நூல் பிடித்துப் புல் நடும்? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது, அது பெப்சிப் பாசி. கப்பாஃபைகஸ் என்கிற பாசியை மூங்கில் மிதவையில் கயிறு கட்டி வளர்க்கிறார்களே, அது. கோள் படம் 10 மீட்டர் கட்டங்களால் ஆனது, மிதவை ஒவ்வொன்றும் அந்தக் கட்டத்தைவிடச் சின்னது, ஆனாலும் நெருக்கமாகக் கட்டியிருந்தால் கூட்டமாகத் தெரியும். பாசி பரப்புக்குப் பக்கத்தில் கிடப்பதால் இலை மாதிரியே அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். என் திருத்தம் அதைப் பளபளப்பு என்று நம்பி ஏகமாகக் கழித்தது. கழித்ததும் கறுத்தது, கறுத்ததும் அடர்ந்த தாழை ஆனது. திருத்துவதற்கு முன்னால் உள்ள படத்தில் அகச்சிவப்பு அதிகமாக உள்ள இடங்களை முதலிலேயே வெட்டித் தனியே வைத்துவிட்டால் தீர்ந்தது. நிலம், நங்கூரமிட்ட படகுகள், மிதவைகள் எல்லாம் ஒரே கத்தரியில் போய்விடும். இடுப்பளவுத் தண்ணீரில் நுனி மேலே தெரியும் நிஜத் தாழையும் கொஞ்சம் அதோடு போகும். அதைக் கையால் திரும்ப ஒட்டினேன், வேறு வழி தெரியவில்லை.

இன்னொன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் போன ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான். 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படக்கோப்புகளில் வெளிச்சத்தைக் குறிக்கும் ஒவ்வொரு எண்ணோடும் 1000 கூட்டி வருகிறது. பழைய படத்தில் எண்ணை 10000-ஆல் வகுத்தால் போதும். புதியதில் 1000-ஐக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும். நான் கழிக்காமல் 2021 மாசிப் படத்தையும் 2023 மாசிப் படத்தையும் பக்கத்தில் வைத்து, இரண்டு வருடத்தில் தாழையெல்லாம் அழிந்துபோச்சே என்று பதறி நண்பர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பிவிட்டேன். திரும்ப ஒவ்வொருவருக்கும் "இல்லைப்பா, கணக்குத் தப்பு" என்று அனுப்பினேன்.

அடுத்தது ஆழம். ஒரே தாழை 1 மீட்டரில் ஒரு நிறம், 3 மீட்டரில் வேறு நிறம். இதைச் சரிக்கட்ட லைசெங்கா என்பவர் 1978-லும் 1981-லும் எழுதிய முறையைத்தான் இன்றும் எல்லோரும் தொடுகிறார்கள். ஒரே மாதிரி மணல் தரை வெவ்வேறு ஆழத்தில் உள்ள இடங்களை எடு, இரண்டு நிறப் பட்டைகளின் மடக்கை (லாக்) மதிப்பை எதிரெதிரே புள்ளி வை, நேர்கோடாக விழும். அந்தக் கோட்டின் சரிவு, அந்தத் தண்ணீர் ஒரு நிறத்தை இன்னொன்றைவிட எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது என்பதைச் சொல்லும். அதை வைத்து ஆழத்தின் பங்கை அடித்துவிட்டால் மிஞ்சுவது தரையின் குணம்.

இங்கே நான் சோம்பேறித்தனம் செய்தேன். அரியமான் பக்கம் 2 மீட்டர் தாண்டினால் சுத்தமான மணல் கிடைப்பது கஷ்டம், சேறு கலந்துவிடும். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்கு அப்பால் மணல்திட்டுகள் படத்தில் அவ்வளவு அழகாக, வெண்மையிலிருந்து நீலம் வரை படிப்படியாகத் தெரிந்தன. அங்கேயே மணல் புள்ளிகளை எடுத்து, அந்தச் சரிவை அரியமானுக்குப் போட்டேன். அது ஓட்டமுள்ள தெளிந்த தண்ணீர். இது தேங்கிய, மண்ணும் மக்கிய இலையின் மஞ்சளும் கலந்த தண்ணீர். அந்தச் சட்டை இந்த உடம்புக்குப் பொருந்தவில்லை. கடலில் நீல ஒளிதான் ஆழம் போகும் என்று படித்திருப்போம், அது வெளிக்கடலுக்கு. மஞ்சள் கலந்த கரையோர நீரில் நீலம் முதலிலேயே செத்துவிடும், பச்சைதான் கொஞ்சமாவது இறங்கும். நீலம்-பச்சை ஜோடியை விட்டுவிட்டு, பச்சை-சிவப்பு ஜோடிக்கு மாறி, அரியமானிலேயே கிடைத்த சொற்ப மணலை வைத்துச் சரிவைக் கணக்கிட்ட பிறகுதான் படம் கொஞ்சம் மனிதர் பேசுகிற மாதிரிப் பேச ஆரம்பித்தது. சிவப்பு 3 மீட்டருக்கு மேல் தாங்காது. அந்த எல்லையை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதெல்லாம் மேசை வேலை. தண்ணீரில் இறங்காமல் ஒன்றும் நடக்காது.

ட்ரோன் வாங்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. உச்சிப்புளியில் கடற்படை விமானதளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த வம்பு வேண்டாம் என்று விட்டேன். தெற்கே தீவுகள் பக்கமும் போகவில்லை. 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் போகிற இடம் அல்ல. அங்கே தாழை, பவளம், பார் மேல் பாசி மூன்றும் ஒரே கட்டத்துக்குள் கலந்து கிடப்பதை 10 மீட்டர் படத்தில் பிரிப்பதும் லேசில்லை. வடகரை போதும்.

கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. பிவிசி குழாயில் 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டம், அதற்கு மேல் ஒரு முக்காலி மாதிரிக் கட்டி நடுவில் ஆக்ஷன் கேமரா, நான்கு மூலையிலும் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு. முதல் நாள் தண்ணீரில் விட்டதும் அது மூழ்கவே இல்லை. குழாயில் துளை போட மறந்துவிட்டேன், உள்ளே காற்று அடைத்துக்கொண்டு மல்லாந்து மிதந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் திருப்புளியை அடுப்பில் காய்ச்சி எடுத்து வந்து ஓட்டை போட்டுக் கொடுத்தார். ஆழத்துக்கு அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறும் ஒரு குண்டும். தண்ணீரின் தெளிவுக்கு வெள்ளை பெயின்ட் வாளி மூடியை நட்டு போட்டுக் கட்டி இறக்கினோம். எந்த முடிச்சில் கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் அளவு. கடையில் செக்கி தட்டு என்று விற்பதும் அதே சமாச்சாரம்தான். நேரத்தையும் மறக்காமல் எழுதி வைக்க வேண்டும். இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், மொத்த ஆழமே 2 மீட்டர் எனும்போது அரை மீட்டர் வித்தியாசம் பெரிய விஷயம்.

போன் ஜிபிஎஸ் ஐந்தாறு மீட்டர் முன்னே பின்னே காட்டும், கோள் படத்தின் கட்டம் 10 மீட்டர், வத்தையோ காற்றில் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால் சுற்றிலும் 30 மீட்டராவது ஒரே மாதிரித் தரை இருக்கிற இடத்தில் மட்டும் புள்ளி எடுத்தேன். இதை மாமாவுக்குப் புரியவைக்கத் தேவையே படவில்லை. "நடுத்தாழைக்குப் போகணும், ஓரத்துல நிக்கக் கூடாது, அவ்வளவுதானே?" என்றார். நாலு நாளில் 112 புள்ளி. கேமராவைப் பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு இடத்திலும் கீழே என்ன என்று அவரைக் கேட்டு எழுதி வைத்தேன். நங்கூரக் கயிற்றைக் கையில் பிடித்தபடியே சொல்லிவிடுவார்: இது வழுக்குது, சேறு, இது கொத்துது, பார், இது இழுத்து விடுது, தாழை. கேமரா அவரை மறுத்தது ஒன்பது இடத்தில்தான், அதிலும் பாதி சிதறலான தாழை, அதைச் சேறு என்றும் சொல்லலாம் தாழை என்றும் சொல்லலாம்.

அந்தச் சிதறல்தான் எனக்கும் தலைவலி. சட்டத்துக்குள் கால்வாசிக்கும் கீழே தாழை இருந்தால் படம் அதைச் சேற்றிலிருந்து பிரிப்பதே இல்லை. மூன்று விதமாக முயன்றுவிட்டு அந்த வகையையே எடுத்துவிட்டேன். இப்போது வரைபடத்தில் அடர்ந்த தாழை, மணல், சேறும் சிதறலும் சேர்ந்தது, பார் என்று நான்கே நிறம்.

எடுத்த புள்ளிகளில் கற்றுக்கொண்டு மற்ற இடங்களை வகைபிரிக்கும் ராண்டம் ஃபாரஸ்ட் என்கிற கணினி முறையைப் போட்டு ஓட்டினேன், 91 சதவீதம் சரி என்று வந்தது. எனக்கே சந்தேகமாக இருந்தது. பார்த்தால், கற்றுக்கொடுக்க வைத்த புள்ளியும் சோதிக்க வைத்த புள்ளியும் ஒரே தாழைத் திட்டுக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த மாதிரி. கரையை அரை கிலோமீட்டர் துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டின் புள்ளிகளில் கற்றுக்கொடுத்து வேறு துண்டில் சோதித்தேன். 71 சதவீதம். இதுதான் உண்மை எண் என்று எழுதி வைத்திருக்கிறேன், பாரில் இன்னும் மோசம், ஏனென்றால் பார் புள்ளி எனக்கு மொத்தமே பதினொன்றுதான்.

கடைசியாக, வாளி மூடி மறைந்த ஆழத்தைத் தாண்டிய இடத்தையெல்லாம் சாம்பல் நிறமாக்கிவிட்டேன். தெரியாது என்று அர்த்தம். முதல் வரைபடத்தில் இருந்த பச்சையில் பெரும்பகுதி இப்போது சாம்பல். முகம் சுளித்தவர்கள் உண்டு. இவ்வளவு செலவழித்துப் பாதியைத் தெரியாது என்று போட்டிருக்கிறாயே என்று ஒரு நண்பன் கேட்டான். மாமாவுக்கு அந்தக் குறையில்லை, சாம்பலைப் பார்த்ததும் அவர் உற்சாகமாகிவிட்டார். இங்கே பார் இருக்கிறது, இங்கே வலை கிழியும், இங்கே இத்தனை பாகம் (இரு கை விரித்த நீளம்) ஆழம் என்று விரலால் காட்டிக்கொண்டே போனார். அவர் சொன்னதைத் தனி அடுக்காக, புள்ளிக்கோட்டில் வரைந்து வைத்திருக்கிறேன். கோள் சொன்னதோடு அதைக் கலக்கவில்லை.

அரியமானுக்கு மேற்கே ஓர் இடத்தில் மட்டும் எங்களுக்குள் தகராறு. வரைபடம் அடர்ந்த தாழை என்றது, அவர் சத்தியம் செய்தார் அங்கே சேறுதான் என்று. போன மாசியில் ஒரு விடிகாலை போய்ச் சட்டத்தை இறக்கினோம். கேமராவில் முதலில் ஒன்றும் புரியவில்லை, பழுப்பாக ஏதோ அசைந்தது. மேலே தூக்கியபோது சட்டத்தில் சுற்றிக்கொண்டு வந்தது அரைச் சாண் கனத்துக்குத் தாழை இலை, எல்லாம் உதிர்ந்து கறுத்து மக்கிப்போனது, வேர் ஒன்றுகூட இல்லை. வாடை நாளில் கரையில் மலைமலையாக ஒதுங்குமே, அதில் ஒரு பங்கு இந்தப் பள்ளத்தில் வந்து தங்கியிருக்கிறது. ஒரு கொத்தை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மாமா கடலில் எறிந்தார். "தாழைதான் மாப்ள, ஆனா செத்த தாழை. ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி போட்டுக்க." ஐந்தாவதாகச் சருகு என்று ஒரு வகை சேர்த்திருக்கிறேன், அதில் இப்போதைக்கு ஒரே ஒரு புள்ளி இருக்கிறது.